பான்சர் 4 மாடலுக்கு எந்தச் சாம்பல், எந்த மஞ்சள்?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். 1/35 அளவில் இரண்டு பான்சர் 4 கிட், அதாவது இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் டாங்கியின் மாடல் பெட்டிகள், வாங்கி வைத்திருக்கிறீர்கள். ஒன்று டி வகை, அதை 1940 மே மாதம் பிரான்ஸுக்குள் நுழைந்த வண்டியாகச் செய்ய ஆசை. மற்றது எச் வகை, காந்தக் குண்டு ஒட்டாமலிருக்கப் பூசிய ஸிம்மரிட் பூச்சோடு. முதல் பெட்டி ‘ஜெர்மன் கிரே’ அடிக்கச் சொல்கிறது, இரண்டாவது ‘டார்க் எல்லோ’. ஆனால் டி வண்டியில் பழுப்பும் இருந்தது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மஞ்சளோ கம்பெனிக்கு ஒரு மஞ்சளாக இருக்கிறது. எதை நம்பி எந்தப் பாட்டிலை வாங்குவது?

பாட்டில் வாங்குவது கடைசி வேலை. ஜாதகம் எழுத உட்கார்ந்த ஜோசியர் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். டாங்கிக்கும் அதேதான். எந்த மாதம் ஆலையை விட்டு வந்தது, எந்த மாதத்தில் நின்றபடி காட்டப்போகிறீர்கள், எந்தப் போர்முனை? இந்த மூன்றும் தெரிந்தால் நிறம் முக்கால்வாசி தானாகவே வந்துவிடும். ஜெர்மன் ராணுவம் ஒவ்வொரு நிற மாற்றத்துக்கும் தேதி போட்டு உத்தரவு எழுதிய ராணுவம். அது நமக்கு அதிர்ஷ்டம்.

முதலில் டி. இந்த வகை 1939 அக்டோபரில் தயாரிப்புக்கு வந்தது. அப்போது நடப்பில் இருந்தது 1937-38இல் வந்த முறை: வண்டியில் மூன்றில் இரண்டு பங்கு அடர் சாம்பல், மீதி ஒரு பங்கு அடர் பழுப்பு, இரண்டுக்கும் நடுவே கோடு தெரியாமல் கரைந்த விளிம்பு. 1940 ஜூலையில்தான் பெயிண்டை மிச்சப்படுத்த வேண்டும் என்று பழுப்பை நிறுத்திச் சாம்பல் ஒன்றே போதும் என்றார்கள். பிரான்ஸ் சண்டை மே 10இல் தொடங்கி ஜூனில் முடிந்துவிட்டது. ஆக உங்கள் வண்டிக்குப் பழுப்பு உண்டு. பெட்டியில் இருப்பது அந்த ஜூலைக்குப் பிறகு வந்த நிறம்.

அப்படியானால் இத்தனை காலம் எல்லோரும் சாம்பல் மட்டும் ஏன் அடித்தார்கள்? அந்த இரண்டு நிறமும் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டுமே ஏறக்குறைய ஒரே அளவு இருட்டு. பழைய உத்தரவுகளைத் தோண்டியெடுத்த தாமஸ் ஜென்ட்ஸ், ஹிலாரி டாயில் போன்ற டாங்கி வரலாற்று ஆய்வாளர்கள் எழுதிய பிறகுதான் மாடல் செய்கிறவர்கள் பழைய படங்களை மறுபடி உற்றுப் பார்த்தார்கள். பார்த்தால், ஆமாம், அங்கங்கே ஏதோ படர்ந்திருக்கிறது.

இதை நான் நம்பாமல் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். பாயசம் சாப்பிடுகிற பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றை எடுத்து முதுகுப் பக்கம் முழுக்கச் சாம்பல் அடித்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்குப் பழுப்பை ஏர்பிரஷ்ஷில் புகை மாதிரி ஊதினேன். கண்ணுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது, ஒன்று நனைந்த அம்மிக்கல், ஒன்று பால் சேர்க்காத டிகாக்ஷன். பால்கனியில் வைத்துப் போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். பழுப்பு போன இடம் தெரியவில்லை. ஸ்பூனின் வளைவில் விழுந்த நிழல்தான் அதைவிடத் தெளிவாகத் தெரிந்தது. என் மனைவியிடம் காட்டி இதில் எத்தனை நிறம் என்று கேட்டேன். “ஒண்ணுதான், அதுக்கு என்ன இப்போ?” என்றார்.

அந்தக் காலத்துப் பிலிம் போன் கேமராவைவிட மோசமாகவும் ஏமாற்றும். ஆர்த்தோகுரோமாட்டிக் என்றொரு வகைக்குச் சிவப்பு தெரியாது. அதில் செங்காவி கிட்டத்தட்டக் கறுப்பாகவும் நீலம் வெளுத்தும் விழும். பான்குரோமாட்டிக் வகை எல்லா நிறத்தையும் பார்க்கும். கையில் இருக்கும் படம் எந்தப் பிலிமில் எடுத்தது என்று தெரியாமல் “இந்த இடம் இருட்டாக இருக்கிறது, எனவே இது பழுப்பு” என்று தீர்ப்பு சொன்னால் பாதி நேரம் தப்பாகப் போகும். படத்திலிருந்து எடுக்க வேண்டியது வடிவம்: எங்கே திட்டு, விளிம்பு கூர்மையா மங்கலா, சக்கரத்தில் ஏறியிருக்கிறதா. நிறத்தின் பெயரை உத்தரவிலிருந்து எடுக்க வேண்டும்.

இனி எண்கள். ஜெர்மானியர் நிறங்களுக்கு ‘ரால்’ என்ற அமைப்பின் எண்களைப் பயன்படுத்தினார்கள். அந்த அமைப்பு 1925இல் தொடங்கியது. அடர் சாம்பல் முதலில் வெறும் 46, அடர் பழுப்பு 45. பின்னால் எண்கள் நான்கு இலக்கமானபோது அவை 7021, 7017 ஆயின. நான்கு இலக்கத்தில் முதல் இலக்கம் நிறக் குடும்பத்தைச் சொல்லும்: 1 மஞ்சள், 6 பச்சை, 7 சாம்பல், 8 பழுப்பு. இப்போது அந்த ‘அடர் பழுப்பு’ எங்கே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள், சாம்பல் குடும்பத்தில். சாக்லேட் மாதிரி அடித்துவிடாதீர்கள் என்று எண்ணே சொல்கிறது. சாம்பலில் பழுப்புச் சாடை ஏறியதாக நினைத்துக் கலந்தால் சரியாக வரும்.

நான் டாமியா அக்ரிலிக்கில் செய்வது இது. சாம்பலுக்கு எக்ஸ்எஃப்-63 ஜெர்மன் கிரே ஏழு பங்கு, எக்ஸ்எஃப்-57 பஃப் (வெளிர் மண் நிறம்) ஒரு பங்கு. பலரும் வெள்ளை கலப்பார்கள், ஆனால் வெள்ளை கலந்த சாம்பல் நீலம் பாய்ந்து குளிர்ந்துவிடும், பஃப் கலந்தால் அப்படி ஆகாது. பழுப்புக்கு எக்ஸ்எஃப்-10 பிரவுன் இரண்டு பங்கு, மேலே சொன்ன சாம்பல் ஒரு பங்கு, கறுப்பு ஒரு சொட்டு. இது என் கண்ணுக்குச் சரிப்பட்ட கணக்கு. வாயெஹோ, ஏகே மாதிரி வேறு கம்பெனி பெயிண்ட் பழக்கம் என்றால் அதிலேயே செய்யுங்கள், அதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம்.

நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பான்சர் சாம்பல் என்றாலே நீலச் சாம்பல் என்று பழகிவிட்டது. இன்றைய 7021 அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள், கிட்டத்தட்டக் கறுப்பு. நீலம் இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். வெயிலில் வெளுத்து, மேலே வானம் பிரதிபலித்து, பழைய கலர் பிலிமும் தன் பங்குக்குச் சாய்த்ததில் வந்த நீலம் அது. ஒரு மாடலில் வானத்தின் நீலத்தைக் காட்ட விரும்பினால் மேல்தட்டுகளில் லேசாகக் காட்டலாம், பக்கவாட்டில் வேண்டாம்.

எச் வண்டிக்கு வருவோம். 1943 பிப்ரவரி 18 தேதியிட்ட உத்தரவு எல்லாவற்றையும் மாற்றியது. ஆலையில் அடிப்பது டுன்கெல்கெல்ப், அதாவது அடர் மஞ்சள். மேலே போடுவதற்கு ஆலிவ் பச்சை 6003, சிவப்புப் பழுப்பு 8017. இந்த மேல் நிறங்கள் பசை மாதிரிக் கெட்டியாக 2 கிலோ, 20 கிலோ டப்பாக்களில் படைப்பிரிவுகளுக்குப் போயின. அங்கே தண்ணீரோ பெட்ரோலோ ஊற்றிக் கரைத்து அடித்துக்கொள்ள வேண்டும். எச் வகை அந்த வருடம் வசந்தத்தில்தான் வரத் தொடங்கியது. அதனால் ஆலையிலிருந்து சாம்பல் நிறத்தில் வந்த எச் என்று ஒன்று கிடையாது.

உங்கள் வண்டியில் ஸிம்மரிட் இருப்பது தேதியை இன்னும் நெருக்குகிறது. காந்தக் குண்டு ஒட்டாமலிருக்கப் பூசிய அந்தப் பசையை 1943 செப்டம்பரிலிருந்து ஒரு வருடம்தான் பூசினார்கள். ஆலையிலேயே மூன்று நிறமும் அடித்து அனுப்பும் பழக்கம் 1944 ஆகஸ்டில்தான் வந்தது, அதற்குள் எச் வகையின் காலம் ஓடிவிட்டது. ஆக வெறும் மஞ்சளாகத்தான் அது ரயில் ஏறியது. திட்டுகள் போர்முனையில் யாரோ ஒரு மெக்கானிக் ஊதியவை. ஒரு பட்டாலியனில் கொடிக்கோடாக இருக்கும், அடுத்ததில் மேகத் திட்டாக இருக்கும். கம்ப்ரஸர் கிடைக்காத இடத்தில் துடைப்பம் மாதிரியான பிரஷ்ஷால் இழுத்திருப்பார்கள். இதற்குப் பொது மாதிரி எதுவும் கிடையாது. நீங்கள் எந்தப் படைப்பிரிவின் டெக்கால் (சின்னமும் எண்ணும் உள்ள ஒட்டுப்படம்) ஒட்டப் போகிறீர்களோ, அந்தப் பிரிவின் படம் இரண்டு மூன்று தேடிப் பாருங்கள். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் வெறும் மஞ்சளாக விட்டாலும் தப்பில்லை.

அந்த பெயிண்ட் பசையைக் கரைத்த விதம்தான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம். பெட்ரோல் தாராளமாகக் கிடைத்த நாளில் ஒரு மாதிரி, பற்றாக்குறையான நாளில் தண்ணீரைக் கூட்டி ஊற்றி இன்னொரு மாதிரி. ரசம் மாதிரி நீர்த்துப்போன பச்சையை மஞ்சளின் மேல் ஊதினால் அது பச்சையாகவா இருக்கும்? வேறொரு மஞ்சளாகத்தான் இருக்கும். அதனால் எச் வண்டியில் பச்சையும் பழுப்பும் ஒரே அடர்த்தியில், அச்சடித்த மாதிரி இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ஏர்பிரஷ்ஷில் தின்னரைக் கூட்டி, சில இடத்தில் இரண்டு முறையும் சில இடத்தில் ஒரே முறையும் ஓட்டுங்கள்.

சரி, அந்த மஞ்சள் எப்படி இருக்கும்? முதல் உத்தரவில் அதற்கு எண்ணே கிடையாது, “மாதிரியைப் பார்த்து” என்றுதான் இருந்தது. பிறகு 7028 என்ற எண் வந்தது. மறுபடியும் 7, சாம்பல் குடும்பம். மஞ்சள் என்ற பெயரைக் கேட்டு எலுமிச்சையும் மாம்பழமும் மனதுக்கு வருகின்றன, அங்கேதான் கோளாறு. பல வருடம் துவைத்த காக்கிச் சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மண் நிறம், கொஞ்சம் பச்சைச் சாடை, நிறைய சாம்பல். போரின் நடுவே மூலப்பொருள் தட்டுப்பாட்டில் பல ஆலைகள் தயாரித்ததால் அதிலும் பேதம் இருந்தது. போதாததற்கு 7028 இன்றைய ரால் பொதுப் பட்டியலில் இல்லை. எனவே ஐந்து கம்பெனி ஐந்து மஞ்சள் விற்பது ஆச்சரியமில்லை. பழுப்புக்கோ கீரைப் பச்சைக்கோ ஓடிவிடாத எதுவும் எனக்கு ஏற்பே. டாமியாவின் டார்க் எல்லோவான எக்ஸ்எஃப்-60 எடுத்தால் கொஞ்சம் பஃப் சேர்த்துக்கொள்வேன்.

ஆனால் ஒரு வண்டிக்கு ஒரே பாட்டில். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை உடலுக்கு அடித்த மஞ்சள் தீர்ந்துபோக, டரட்டுக்கு, அதாவது பீரங்கி இருக்கும் சுழலும் மேல்கூண்டுக்கு, வேறொரு கம்பெனியின் அதே பெயருள்ள மஞ்சளை வாங்கி அடித்தேன். இரவு பத்து மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. மறுநாள் காலை பால்கனிக்கு எடுத்துப் போனால் உடல் களிமண், டரட் கடுகு. இரண்டு பெயிண்டிலும் வேறு வேறு நிறப்பொடி இருந்தால் ஒரு விளக்கின் கீழ் ஒத்துப்போய் இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்துவிடும். அன்றிலிருந்து நிறம் பார்ப்பதெல்லாம் பகல் வெளிச்சத்தில்தான். மாடலை எந்த விளக்கின் கீழ் அலமாரியில் வைக்கப் போகிறேனோ, அங்கேயும் ஒருமுறை வைத்துப் பார்ப்பேன்.

இன்றைய ரால் அட்டையை வாங்கி ஒப்பிட்டால் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். பாதிக்குப் போதும். 6003, 8017, 7021 மூன்றும் இன்றும் பட்டியலில் உண்டு. ஆனால் எண் நின்று பெயர் மாறியவை இருக்கின்றன. 1941 மார்ச்சில் வட ஆப்பிரிக்காவுக்குச் சொன்ன 8000க்கு அன்றைய பெயர் மஞ்சள் பழுப்பு, இன்றைய பெயர் பச்சைப் பழுப்பு. அதனோடு வந்த 7008க்கு அன்று சாம்பல் பச்சை, இன்று காக்கிச் சாம்பல். பெயரே இப்படி நகர்ந்திருக்கும்போது அட்டையை வேதவாக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன். போர்க்காலத்து அசல் மாதிரித் துண்டு கிடைத்தாலும் அதே எச்சரிக்கைதான். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பெயிண்ட் இருட்டில் மூடிக் கிடந்தால் மஞ்சளிக்கும்.

அருங்காட்சியக வண்டிகளையும் அப்படியே நம்ப வேண்டாம். அவை எத்தனையோ முறை மறுபடி பெயிண்ட் பார்த்தவை. பிரிட்டனின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜெர்மன் டாங்கி டைகர் 131, 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்டது, அதன் பிறகு ஒரு தடவைக்கு மேல் நிறம் மாறியிருக்கிறது. இதில் பெரிய வேடிக்கை பிரிட்டிஷ் பாலைவன வண்டிகளில் நடந்தது. 1940-41இல் பிரிகேடியர் கான்டர் பெயரால் அழைக்கப்பட்ட சாய்கோட்டு உருமறைப்பு ஒன்று இருந்தது: வெளிர் கல் நிறம், ஸ்லேட், நடுவே சில்வர் கிரே எண் 28. அந்த சில்வர் கிரே பச்சை பாய்ந்த ஒரு சாம்பல். ஆனால் மீட்டெடுத்த வண்டி ஒன்றில் அதை இளநீலமாக அடித்துவிட, அதைப் பார்த்து மாடல்காரர்கள் அடிக்க, அவர்களைப் பார்த்துப் படம் வரைகிறவர்கள் வரைய, பல பத்தாண்டுகள் பாலைவனத்தில் நீல மடில்டா (பிரிட்டிஷ் டாங்கி) ஓடியது. மைக் ஸ்டார்மர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பழைய நிற அட்டைகளையும் உத்தரவுகளையும் வைத்துப் பச்சைச் சாம்பல்தான் என்று காட்டினார். இப்போதும் யாராவது நீலத்தில் ஒன்று அடித்துக் கொண்டுவருவார்கள். பார்க்க அழகாகவே இருக்கும், அதுதான் சிக்கல்.

அமெரிக்க வண்டி பிறகு செய்வதாகச் சொன்னீர்கள். அவர்களுடைய ராணுவப் பச்சையான ஆலிவ் டிராபுக்கு எஃப்எஸ் எண், அதாவது அமெரிக்க அரசின் நிறத் தர எண், கேட்டு அலைய வேண்டாம். எஃப்எஸ் 595 போருக்குப் பின் வந்த தொகுப்பு. போர்க்காலப் பச்சை அடிப்படையில் மஞ்சள் காவியும் கறுப்பும் கலந்தது. பிள்ளைகளின் போஸ்டர் கலரில் யெல்லோ ஓக்கரையும் கறுப்பையும் குழைத்துப் பாருங்கள், பச்சைப் பொடி ஒரு சிட்டிகை இல்லாமலே பச்சை எழுந்து வரும். வெளுக்கச் செய்யும்போது வெள்ளையை விட்டு அதே காவியைக் கூட்டினால் குடும்பத்தைவிட்டு வெளியே போகாது.

அப்புறம் ‘ஸ்கேல் எஃபெக்ட்’. சின்ன மாடலுக்கு நிறத்தை வெளுக்க வேண்டும், தூரத்துக் காற்று நிறத்தை மங்கடிக்கும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1/35 மாடலை ஓர் அடி தள்ளி, அதாவது 30 சென்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பது நிஜ வண்டியைப் பத்தரை மீட்டரில் நின்று பார்ப்பதற்குச் சமம். பத்தரை மீட்டரில் காற்று எந்த நிறத்தை மங்கடிக்கும்? தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற லாரியின் நிறம் நமக்கு மங்கியா தெரிகிறது? என் கணிப்பில் உண்மைக் காரணம் வெளிச்சம். நிஜ வண்டி வெயிலில் நிற்கிறது, மாடல் அறைக்குள் நிற்கிறது. அதனால் 7021 மாதிரி இருண்ட நிறத்தைக் கொஞ்சம் தூக்குவேன், இல்லையென்றால் உழைத்துச் செய்த ஆணியும் மூடியும் இருட்டில் போய்விடும். மஞ்சளைத் தொடமாட்டேன்.

வெளுக்கும் முன் மேல்பூச்சையும் கணக்கில் எடுங்கள். டெக்காலுக்காகக் கிளாஸ் வார்னிஷ் அடித்ததும் நிறம் ஒரு படி இருண்டு செழிக்கும், மேட் அடித்ததும் வெளுக்கும். வாஷும் (இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த இருண்ட நிறம்) தூசியும் அதற்கு மேல். பாட்டிலில் துல்லியமாகக் கலந்துவிட்டு அதன் மேல் நான்கு அடுக்குப் போட்டால் கடைசியில் நிற்பது வேறு நிறம். அதனால் மாடலுக்குப் போடும் எல்லா அடுக்கையும் என் ஸ்பூனுக்கும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பேன். நம் கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: மழைக்கால ஈரத்தில் லாக்கர் வகை அடித்தால் வெண்ணிறமாய்ப் பூத்துவிடும். அதை நிறக் கோளாறு என்று நினைத்து மறுபடி கலக்க உட்கார வேண்டாம்.

உங்கள் எச்சுக்குப் பெயிண்ட் பெயர்ந்ததைக் காட்டுவதாக இருந்தால் ஒரு நுணுக்கம். ஸிம்மரிட்டிலேயே மஞ்சள் காவிப் பொடி கலந்திருக்கும், அதனால் மேல் நிறம் மட்டும் உரசிப்போன இடத்தில் மங்கிய மஞ்சள் காவி தெரியும். பசையே பெயர்ந்து விழுந்த இடத்தில்தான் அடியில் இருக்கும் செந்நிறப் பிரைமர் எட்டிப் பார்க்கும். அந்தப் பிரைமர் 8012, திட்டுக்குப் போட்ட 8017 வேறு. பல கிட் விளக்கத்தாளில் இரண்டுக்கும் ஒரே பாட்டிலைக் காட்டுவார்கள். 8012 செங்கல் பக்கம் சாயும், 8017 இருண்ட சாக்லேட்.

கடைசியாகப் பக்கவாட்டில் தொங்கும் அந்த 5 மில்லிமீட்டர் தகடுகள். அவை கொக்கியில் மாட்டியவை, மரத்தில் உரசினாலே கழன்று விழும். விழுந்ததைக் குழுவினர் இருட்டில் எடுத்து மாட்டினார்கள், இல்லையென்றால் பழுதாகிக் கிடந்த பக்கத்து வண்டியிலிருந்து கழற்றிக்கொண்டார்கள். அதனால் தகடுகளை உடலில் மாட்டிய நிலையில் ஒரே ஓட்டமாகத் திட்டு போடுங்கள், காய்ந்ததும் ஒரு பக்கத்தில் இரண்டு தகடுகளை இடம் மாற்றி மாட்டுங்கள். மறுபக்கம் ஒன்றைக் கழற்றிவிட்டு, தகடு மூடியிருந்த இடத்தில் திட்டு ஏறாமல் ஆலை மஞ்சள் மட்டும் தெரிய விடுங்கள்.